வாய் திறக்காத கிண்ணம்

மென்மரம் என்று பெயர் வைத்தவன் எவனோ, அவனைப் பிடித்துவந்து கையில் ஒரு கடைசல் உளியைக் கொடுத்து, லேத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் நிறுத்தியிருக்க வேண்டும். மென்மையாவது மண்ணாங்கட்டியாவது என்று அவனே சொல்லியிருப்பான். சின்னவள் ஒன்பது நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும்.

சின்னவள் என்றதும் பல் விழுந்த பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் இரண்டே பிள்ளைகள், அண்ணன் பெரியவன், இவள் சின்னவள். தலை நரைத்து, படிப்பதற்குக் கண்ணாடி வந்து, முட்டி வலியும் வந்த பிறகும் அம்மா வாயில் அதே பெயர்தான். டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் இருபது வருஷமாக மரக் கிண்ணம் கடைகிறாள். இரும்பு போலிருக்கும் கட்டையெல்லாம் அவள் உளிக்கு மடங்கியிருக்கிறது. மடங்காமல் மல்லுக்கு நின்றது இந்த ஒரு பைன் உத்தரம்தான்.

சும்மா சொல்லக் கூடாது, மரம் சாமானியமானதில்லை. யாரும் நடாமல் காட்டில் தானாக முளைத்து, நானூறு வருஷம் அவசரப்படாமல் வளர்ந்தது. விரல் நகத்தின் அகலத்துக்குள் இருபது வளையம் எண்ணலாம், அவ்வளவு நெருக்கம். சிக்கலும் அங்கேதான். ஒவ்வொரு வளையத்திலும் பாதி பஞ்சு, பாதி கொம்பு. பஞ்சுக்குத் தகுந்தபடி உளியைப் பிடித்தால் கொம்பு தட்டிவிடும். கொம்புக்குத் தகுந்தபடி அழுத்தினால் பஞ்சு நார் நாராகப் பிய்ந்துகொண்டு வரும். சுற்றுகிற கட்டையில் இது விநாடிக்கு எத்தனை தரம் மாறும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

அந்த உத்தரம் வந்தது ஒரு பழைய தானியக் கிடங்கிலிருந்து. கிடங்குக்குக் கூரை போட்டது சின்னவளுடைய அப்பா. தச்சு வேலை மேஸ்திரி, அவருக்குக் கீழே பன்னிரண்டு ஆட்கள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளில், பதின்மூன்று வயதுப் பெரியவனைக் கூட்டிப்போய் ஏணியில் ஏற்றி டேப்பைப் பிடிக்கச் சொன்னார். பையன் மேலிருந்து இரண்டு அளவுகளைப் படித்தான். அப்பா கீழே நின்று எழுதிக் கூட்டினார். உத்தரத்தை அறுத்தார்கள், தூக்கி வைத்தார்கள். அரை அடி குறைந்தது.

கிடங்கு முதலாளி பார்த்துக்கொண்டு நிற்கிறார், பன்னிரண்டு ஆட்களும் நிற்கிறார்கள். அப்பா பையனை ஏணியிலிருந்து இறக்கி, படிக்கத் தெரியாத கழுதை என்று சொல்லி ஓங்கி ஓர் அறை விட்டார். அப்புறம் அரை அடிக்கு ஒரு துண்டை ஒட்டவைத்து, பக்கத்தில் பலகை அடித்து, இரும்புப் பட்டை போட்டு எப்படியோ ஒப்பேற்றினார்கள். ஆட்களில் எவனோ ஒருத்தன் அன்றைக்கே பையனுக்குப் பெயர் வைத்துவிட்டான்: அரையடி.

பெயர் ஒட்டிக்கொண்டது என்றால் அப்படி ஒட்டியது. பள்ளிக்கூடத்தில் அரையடி, தெருவில் அரையடி. கல்யாணம் பேசும்போது பெண்ணின் மாமா ஒருத்தர், மாப்பிள்ளை அவ்வளவு குள்ளமா என்று கேட்டுவிட்டார். குடும்பத்திலேயே உயரமானவன் அவன்தான். தச்சு வேலைப் பக்கமே அவன் திரும்பவில்லை. தபால் ஆபீசில் பார்சல் நிறுக்கிற வேலைக்குப் போனான், ஒவ்வொரு பார்சலையும் இரண்டு தரம் நிறுத்தான். ஐம்பத்தொன்பது வயதாகிறது, பேரன் எடுத்துவிட்டான், இன்னும் அம்மா உள்ளே இருந்து, "அரையடி, மாத்திரையை எடுத்துக் கொடுடா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவன் பதிலுக்குச் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான். தான் படித்தது ஒன்பதடி எட்டங்குலம், ஏழடி பத்தங்குலம். அப்பா சொன்னது, பையன் ஏழடி நாலங்குலம் என்று தப்பாகப் படித்தான், அதனால்தான் கூட்டுத்தொகை பதினேழு அடி என்று வந்தது. மேஸ்திரி சொல்வதை நம்புவார்களா, பதின்மூன்று வயதுப் பையன் சொல்வதை நம்புவார்களா? அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆன பிறகும் தீர்ப்பு மாறவில்லை.

கிடங்கை இடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சின்னவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த உத்தரத்தின் ஒரு முனையை அறுத்து வாங்கி வந்தாள். அன்றைக்கே அம்மா போனில் கூப்பிட்டு, அவர் கை பட்ட மரத்தில் தனக்கு ஒரு கிண்ணம் வேண்டும், கண்ணாடியும் மாத்திரையும் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அம்மா போனை வைத்த கையோடு அண்ணன் கூப்பிட்டான். அந்த மரம் தன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றான். அம்மா இருப்பதோ அண்ணன் வீட்டில். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவள் யார்? சின்னவள்தான்.

அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. கிண்ணம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்துவிட்டால், அண்ணன் திட்டிக்கொண்டாவது ஒரு தரம் கையில் எடுத்துப் பார்ப்பான். எடுத்துப் பார்த்தால் அந்தப் பழைய ரணம் கொஞ்சமாவது ஆறும். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். ஆறு வயதில் அவன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்தவள் அவள். அப்படிப் பார்த்துவிட்டும் பத்து வயதில், மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று, அவளும் அவனை அரையடி என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்தக் குற்ற உணர்ச்சி வேறு.

முனையிலிருந்து நாலு கட்டை தேறியது. முதல் கட்டையில் ஒடிந்த ஆணி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. பொறி பறந்தது, நல்ல உளியின் முனை போயிற்று. சாணை பிடித்து மறுபடி ஆரம்பித்தால், ஆணி இருந்த இடத்தில் குழி. ஆணியைத் தேடி எடுக்கும் காந்தம் அவளிடம் இருக்கிறது, மூன்று தரம் ஓட்டியும் பார்த்தாள். அந்த ஆணி மட்டும் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

இரண்டாவது நன்றாக வந்துகொண்டிருந்தது. வழவழப்பாக்கலாம் என்று உப்புத்தாளை எடுத்தாள், அங்கே கெட்டது. தாள் பஞ்சைத் தின்றது, கொம்பை விட்டுவிட்டது. கிண்ணம் முழுக்க வரி வரியாக மேடும் பள்ளமும். மேட்டைச் சரி செய்யப் போய்ப் பள்ளம் ஆழமானது, பள்ளத்தைச் சரி செய்யப் போய்ச் சுவர் மெலிந்தது, கடைசியில் கட்டை விரல் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. இதில் பிசின் வேறு சூடேறி உருகி, தாளுக்குத் தாள் அடைத்துக்கொண்டது. கையெல்லாம் பிசுக்கு, முடியெல்லாம் பிசுக்கு.

மூன்றாவது கட்டை வளையத்தோடு வளையமாகப் பிளந்து, சுற்றுகிற வேகத்தில் பறந்துபோய் தகர ஷட்டரில் மோதியது. தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது என்பதால் இந்தக் கதை நடக்கிறது. சத்தம் கேட்டு டயர் கடைக்காரர் ஓடிவந்தார். நல்ல மனுஷர்தான், வாயை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நகத்தால் கீறினாலே பள்ளம் விழுகிற மரத்தோடவா இத்தனை நாள் சண்டை என்று கேட்டார். சின்னவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

நாலாவது கட்டை உத்தரத்தின் கடைசி முனை, அப்பா பலகை அடித்து மறைத்த இடம். அடுக்கடுக்காக ஆணி இருக்கும் என்றுதான் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். ஆணி பிடுங்கியே ஒரு நாள் போயிற்று. பலகையைப் பெயர்த்ததும் அடியில் மரம் அப்போதுதான் இழைத்தது போல மஞ்சளாக இருந்தது, நாற்பத்தாறு வருஷத் தூசியும் வெயிலும் எட்டாத பரப்பு. ஏதோ பென்சில் கிறுக்கல் இருந்தது. தச்சன் கிறுக்காத உத்தரம் உலகத்தில் உண்டா? உப்புத்தாள் தூசி அப்பிய பாதுகாப்புக் கண்ணாடியோடு பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

கடைசல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டையை வட்டமாக அறுத்தவுடன், எந்தப் பக்கம் சுத்தமாகத் தட்டையாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் இரும்புத் தட்டைத் திருகுவார்கள். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் கட்டை சுற்றும். முதலில் கிண்ணத்தின் முதுகையும் அடிப்பாகத்தையும் கடைவார்கள். அப்புறம் தட்டைக் கழற்றி, திருப்பி மாட்டி, தட்டு இருந்த பக்கத்தைத் தோண்டுவார்கள். ஆகக் கட்டையில் எந்தப் பக்கம் சுத்தமோ, அதுதான் வாய். வாய்ப் பக்கம் இருப்பது அத்தனையும் சீவலாகித் தரையில் விழும். சின்னவள் யோசிக்கவேயில்லை, கை தானாக மஞ்சள் பக்கத்தில் தட்டைத் திருகியது.

இந்தத் தரம் மரம் மனசு வைத்தது. உளியை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் சாணை பிடித்தாள், அழுத்தாமல் விட்டுப் பிடித்தாள், மூச்சைக்கூட எண்ணி விட்டாள். பஞ்சும் கொம்பும் சேர்ந்து ஒரே சுருளாக, ஈரத் துணி போலக் கையில் வந்து விழுந்தது. உப்புத்தாளே தேவைப்படவில்லை. கிண்ணத்தின் முதுகில் நானூறு வருஷமும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் போட்டு நின்றது. இருபது வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் கடைந்ததில்லை. வந்துட்டியா கழுதை என்று அதனிடமே சொன்னாள்.

லேத்தை நிறுத்தி, திருகாணிகளைக் கழற்றி, தட்டை எடுத்தாள். உள்ளே எவ்வளவு தோண்டலாம் என்று அளந்து குறிக்க வேண்டும் என்பதால் படிக்கிற கண்ணாடியைப் போட்டாள். அப்போதுதான் படித்தாள்.

ஒன்றின் கீழ் ஒன்றாக எண்கள். 9 – 8. அதற்குக் கீழே 7 – 10. ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 17 – 0. ஏழுக்கு வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு போடுவது அப்பாவின் வழக்கம், இங்கேயும் போட்டிருந்தார். ஒரு திருகாணியின் துளை சரியாக அந்தப் பூஜ்யத்துக்கு நடுவில் விழுந்திருந்தது.

சின்னவள் கூட்டிப் பார்த்தாள். எட்டும் பத்தும் பதினெட்டு அங்குலம், அதாவது ஓர் அடி ஆறு அங்குலம். ஓர் அடியை அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கிறார், ஆறு அங்குலத்தை எழுத மறந்துவிட்டார். ஒன்பதும் ஏழும் பதினாறு, கொண்டுபோன ஒன்று பதினேழு. பதினேழரை என்று இருக்க வேண்டியது பதினேழு என்று இருக்கிறது. பையன் படித்தது சரி. அவர் எழுதிக்கொண்டதும் சரி. கூட்டியதில்தான் அரை அடி காணாமல் போயிருக்கிறது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை. ஆத்திரம்தான் வந்தது. பலகையை யார் அடித்தது? அப்பாதான். வேறு எவரையும் மேலே ஏறவிடாமல் தானே ஏணியில் நின்று அடித்தார் என்று அண்ணன் நூறு தரம் சொல்லியிருக்கிறான், மானஸ்தன் என்று அதைப் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறான். இத்தனை ஆணி ஏன் என்று நேற்று முழுக்கத் திட்டிக்கொண்டே பிடுங்கினாளே, இதற்குத்தான் இத்தனை ஆணி. தெரிந்தே மறைத்திருக்கிறார். செத்துப்போன மனுஷரை என்ன செய்வது? உளியைத் தூக்கி மேஜையில் எறிந்தாள், அதுவும் முனை போயிற்று.

டயர் கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன யோசனை புத்திசாலித்தனமானதுதான்: போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கிண்ணத்தைத் தோண்டி முடித்துவிட வேண்டியதுதானே, அம்மாவுக்குக் கிண்ணமும் ஆச்சு, அண்ணனுக்கு அத்தாட்சியும் ஆச்சு. சின்னவள் போனை எடுத்து நாலு போட்டோவும் எடுத்தாள். கட்டையைத் திருப்பி லேத்தில் மாட்டினாள். சுவிட்சில் விரல் போனது. பத்து விநாடி போதும், உளி அந்த எண்களைச் சுருட்டித் தரையில் போட்டுவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு தரம் இப்படி வந்த கிண்ணம், உள்ளே தோண்டினால் முடிந்தது.

விரலை எடுத்துவிட்டாள். போட்டோவை எவர் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்று அண்ணன் சொல்வான், பார்சலையே இரண்டு தரம் நிறுக்கிறவன். அவனுக்கு விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். அதனால் கட்டையைக் கழற்றித் துணிப்பையில் போட்டாள். வெளியே பார்த்தால் கிண்ணம், உள்ளே பார்த்தால் கட்டை, இரண்டுமில்லாத ஒரு பொருள். ஒன்பது நாள் உழைப்புக்கு இதுதான் மிச்சம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே ஷட்டரை இழுத்துச் சாத்தினாள்.

அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. அவன்தான் கதவைத் திறந்தான். பையிலிருந்து வந்த பிசின் வாசனையிலேயே தெரிந்துகொண்டு, முகம் கறுத்து, வழியை மறித்து நின்றான்.

"நான் என்ன சொன்னேன் உன்கிட்ட?"

"நீ சொன்னதைத்தான் கொண்டுவந்திருக்கேன். தள்ளு அண்ணா."

கூடத்தில் ஜன்னலோரம் அம்மா நாற்காலியில் இருந்தாள். சின்னவள் கட்டையை மேஜைமேல் வைத்து, வாய்ப் பக்கத்தை அண்ணன் பார்க்கும்படி திருப்பினாள். படி என்று மட்டும் சொன்னாள். அவன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான்.

"ஒன்பது எட்டு" என்று படித்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏழு பத்து." ஏணியில் நிற்கிறவன் கீழே இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று படிப்பதைப் போல, சத்தமாக.

அப்புறம் விரல் விட்டுக் கூட்டினான். இரண்டாம் தரமும் கூட்டினான். ஏழின் குறுக்குக் கோட்டை விரலால் தடவினான், அழிந்துவிடுமோ என்று சட்டென்று விரலை எடுத்துக்கொண்டான்.

"பதினேழரை" என்றான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "நான் சரியாத்தான் படிச்சிருக்கேன். உனக்குத் தெரியுமா, கொஞ்ச வருஷமா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நான்தான் நாலுன்னு சொன்னேனோன்னு."

சின்னவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் தோளில் கை வைத்தாள். அம்மா அந்தப் பக்கமிருந்து என்ன அது, காட்டு என்றாள். சின்னவள் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்தாள். அம்மா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். எண்களை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இது இன்னுமா இருக்கு? அழிச்சிட்டேன்னு சொன்னாரே."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. கட்டையை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். அண்ணன் எழுந்து மெதுவாக அம்மா முன்னால் வந்து நின்றான்.

"உனக்குத் தெரியுமா?"

அம்மா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அதை மட்டும் பாராட்ட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலமே அப்பா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாராம், தப்பு தன்னுடையதுதான் என்று. கூட்டல் தெரியாதவர் என்று ஆகிவிட்டால் ஒரு ஆள்கூட மதிக்க மாட்டான், முதலாளி அடுத்த வேலையைத் தர மாட்டார், நீ வாயைத் திறக்காதே என்றாராம். பையன் சின்னவன்தானே, நாலு நாளில் மறந்துவிடுவான் என்று இரண்டு பேரும் நினைத்தார்களாம். அப்பாவுக்கு உள்ளுக்குள் உறுத்தல் இருந்ததாம், அதனால்தான் சாகிறவரை அவர் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதே இல்லையாம்.

"அவர் கூப்பிடலை, சரி" என்றான் அண்ணன். குரல் உயரவில்லை. "எல்லாம் தெரிஞ்சும் நீ ஏம்மா கூப்பிட்டே?"

அம்மா கட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டே யோசித்தாள். பொய் சொல்லத் தேடினாளா, நிஜமாகவே காரணம் தேடினாளா, சின்னவளுக்குத் தெரியவில்லை.

"பழகிப்போச்சுடா" என்றாள்.

சின்னவளுக்கு அந்தக் கட்டையைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. எண்பது வயதுக் கிழவியைத் திட்டவும் முடியாது, போய்ச் சேர்ந்தவரைக் கேட்கவும் முடியாது. நாற்பத்தாறு வருஷம், இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. அண்ணன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் கத்தவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து அம்மாவுக்கு நேர் எதிரே போட்டு, முட்டிக்கு முட்டி இடிக்கும்படி உட்கார்ந்தான்.

"இப்பக் கூப்பிடு" என்றான். "எனக்கு ஒரு பேர் வச்சீங்களே, அதைச் சொல்லிக் கூப்பிடு."

அம்மா வாயைத் திறந்தாள். முதலில் பாழாய்ப்போன அந்த "அரை" வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்தினாள். பிறகு அவன் பெயரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் தபால் ஆபீஸ் சம்பளச் சீட்டிலும் மட்டும் இருந்த பெயர். யாரோ அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல, இது சரிதானா என்ற சந்தேகத்தோடு வந்தது.

அண்ணன் "என்னம்மா" என்று கேட்கவில்லை.

"இன்னொரு தரம்" என்றான்.